தும்பிக்கை வைத்த ஜீப்

அக்டோபர் 13, ஞாயிறு

வந்துவிட்டது. சொல்லிச் சொல்லிப் பார்த்தேன், கேட்டால்தானே. முப்பது வருஷம் பத்திரப்பதிவு அலுவலகத்தில் நாற்காலியைத் தேய்த்துவிட்டு ஓய்வு பெற்ற மனுஷன் காசிக்குப் போகலாம், கறவை மாடு வாங்கலாம், ஒன்றுமில்லாவிட்டால் சும்மா படுத்துக் கிடக்கலாம். என் வீட்டுக்காரர் கலியபெருமாள் ஜீப் வாங்கியிருக்கிறார். பழைய டீசல் ஜீப். நாலு சக்கரமும் இழுக்குமாம். நம் தெருவில் எதை இழுக்கப் போகிறது என்று கேட்டேன்.

முன் கண்ணாடி ஓரமாக ஒரு கருப்புக் குழாய் கூரை உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கிறது. மெக்கானிக் பக்கிரிசாமி பழைய சாமான் கடையில் தேடிப் பிடித்து மாட்டிக் கொடுத்தது. எஞ்சின் அது வழியாகத்தான் மூச்சு விடுமாம். ஆழமான தண்ணீரில் இறங்கினாலும் மேலே இருந்து காற்றை இழுத்துக்கொள்ளும், உள்ளே தண்ணீர் போகாது. இதை எனக்கு மூன்று தரம் விளக்கினார், பால்காரருக்கு இரண்டு தரம். அதற்கு இங்கிலீஷில் ஏதோ பெயர் சொன்னார். நான் தும்பிக்கை என்று வைத்துக்கொண்டேன்.

பூஜை போட்டோம். சக்கரத்துக்கு ஒன்றாக நாலு எலுமிச்சம்பழம். மூன்று நசுங்கின. நாலாவது தப்பித்து உருண்டுபோய்ச் சாக்கடையில் விழுந்தது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். "சகுனமெல்லாம் ஒண்ணுமில்ல, தில்லை. தரை சரிவா இருக்கு" என்று எனக்குச் சமாதானம் சொன்னார்.

அக்டோபர் 14, திங்கள்

காலை இட்லி, கொத்தமல்லிச் சட்னி. ஜீப்பைக் கழுவினார். மாலையில் மறுபடியும் கழுவினார்.

அக்டோபர் 22, செவ்வாய்

மழை பெய்து ரயில்வே சுரங்கப்பாதையில் முழங்கால் தண்ணீர். ஊரே சுற்றிக்கொண்டு போகிறது. இவர் மட்டும் காய்கறி வாங்க என்னையும் ஏற்றிக்கொண்டு நேராக அதற்குள் இறக்கினார். ஹாரன் வேறு. தாண்டிவிட்டது, பொய் சொல்லக் கூடாது. வண்டி கிளப்பிய அலை ஓரமாக நின்ற மீன்கார அம்மாவின் கூடையில் போய் அடித்தது. அந்த அம்மா எங்கள் இரண்டு பேர் வம்சத்தையும் ஒன்று விடாமல் விசாரித்தாள்.

அந்தப் பக்கம் ஏறியதும் ஒரு பெருமைச் சிரிப்புடன் என்னைத் திரும்பிப் பார்த்தார் பாருங்கள், அப்போது பிரேக்கை மிதித்தார். பிடிக்கவில்லை. மறுபடி மிதித்தார். வண்டி தன் இஷ்டத்துக்குப் போய் வாழைப்பழக் கடையில் தொங்கிய தாரில் மூக்கை வைத்து நின்றது. கடைக்காரர் தாரை அவிழ்த்து வண்டியில் ஏற்றிவிட்டுக் காசுக்குக் கையை நீட்டினார்.

பக்கிரிசாமியைக் கேட்டால், "தண்ணில போய்ட்டு ஏறுனா பிரேக்கு ஈரமா இருக்கும் சார். மெதுவா போய்க்கிட்டே அமுக்கி அமுக்கி வுட்டுக் காய வைக்கணும்" என்கிறான். இதைத் தும்பிக்கை மாட்டும்போதே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

அக்டோபர் 24, வியாழன்

வாழைப்பழப் பணியாரம், வாழைப்பழ அப்பம், பஞ்சாமிர்தம். எதிர் வீட்டுக்கு ஒரு சீப்பு, மாடிக்கு ஒரு சீப்பு. இன்னும் பாதித் தார் இருக்கிறது.

அக்டோபர் 31, வியாழன். தீபாவளி

குழலியும் மாப்பிள்ளையும் வந்தார்கள். என் மகளுக்கு முகத்தில் தாய்மைக் களை வந்துவிட்டது. கண் பட்டுவிடும் என்று சுற்றிப் போட்டேன். கூடவே சம்பந்தி தனகோட்டியும் வந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் எதையும் கேட்டு வைக்காமல் இருக்க மாட்டார். வந்ததும் வராததுமாக ஜீப்பைச் சுற்றி வந்தார்.

"இந்தக் கொழாய் எதுக்கு சம்மந்தி? பொக போறதுக்கா?"

போதாதா? எங்கள் வீட்டுக்காரர் அதிரசத்தைக் கீழே வைத்துவிட்டு ஆரம்பித்தார். தண்ணீர், காற்று, எஞ்சின், எல்லாம். முடிவில், "பெட்ரோல் வண்டின்னா பிளக் நனைஞ்சி நின்னுடும் சம்மந்தி. டீசலுக்குப் பிளக்கே கெடையாது. தண்ணி ஒண்ணும் பண்ண முடியாது" என்றார்.

"அப்ப நம்ம தரைப்பாலத்துல வெள்ளம் போனாலும் தாண்டிடுமோ?"

சம்பந்தியின் ஊர் ஆற்றுக்கு அந்தப் பக்கம். நடுவில் கைப்பிடிச் சுவர்கூட இல்லாத தரைப்பாலம். மழைக்காலத்தில் அதன்மேல் தண்ணீர் ஓடும். அப்போது பெரிய பாலம் வழியாக ஊரைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும்.

"கண்ண மூடிக்கிட்டுத் தாண்டும்" என்றார் இவர்.

"பாப்போம், பாப்போம். வளைகாப்புக்கு வரணுமில்ல? ஐப்பசி கார்த்திகை ஆச்சே" என்று தனகோட்டி சிரித்தார். மாப்பிள்ளை சிரித்தார். நானும் சிரித்துத் தொலைத்தேன். "அன்னிக்கு ஆத்துலயே எறங்கி சீரோட வந்து நிக்கறேன். நீங்க அந்தக் கரையில மாலையோட நில்லுங்க" என்று இவர் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. அந்த ஆறு போன வருஷம் ஒரு மாட்டு வண்டியை மாட்டோடு கொண்டுபோனது.

நவம்பர் 9, சனி

வளையல் வாங்கியாயிற்று. பச்சை, சிவப்பு, அரக்கு. வருகிற பெண்களுக்குப் போட்டுவிடக் கண்ணாடி வளையல் தனி. குழலி போன் செய்தாள். "அம்மா, அப்பா பெரிய பாலம் வழியாத்தானே வருவாரு?" "பின்ன என்ன ஆத்துலயா வருவாரு" என்றேன். "மாமா ஊர் பூரா சொல்லி வச்சிருக்காரும்மா. அப்பா தண்ணியில ஜீப்புல வர்றதப் பாக்க நாலு பேரு காத்துக்கிட்டிருக்காங்க." எனக்குச் சம்பந்தி மேல் கோபமாக வந்தது. அவரை என்ன சொல்வது, வாயைக் கொடுத்தது நம் வீட்டு ஆள்.

நவம்பர் 12, செவ்வாய்

விடாத மழை. துணி எதுவும் காயவில்லை. அவர் ஆறு பார்க்கப் போனார்.

நவம்பர் 13, புதன்

ஆறு பார்க்கப் போனார்.

நவம்பர் 14, வியாழன்

ஆறு பார்த்துவிட்டு வந்து ரொம்ப நேரம் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். தரைப்பாலத்தின் மேல் தொடை அளவு போகிறதாம். சாப்பிடும்போது திடீரென்று, "தில்லை, ஒனக்கு நீச்சல் தெரியுமா?" என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் கேட்காத கேள்வி.

"தெரியாது. ஒங்களுக்கு?"

"டீசல் வண்டிக்குப் பிளக்கே கெடையாது" என்றார். ரசம் ஊற்றினேன்.

பெரிய பாலம் வழியாகப் போவோமே என்று ஆரம்பித்தேன். "தனகோட்டி மூஞ்சில எப்படி முழிக்கறது?" என்று எழுந்து போய்விட்டார். தயிர் அப்படியே இருந்தது.

எனக்குப் பயமாக இருக்கிறது. இதை இங்கே எழுதுகிறேன், வேறு எங்கேயும் சொல்ல முடியாது. அந்த ஜீப் என் மனுஷனைக் கொண்டுபோய்விட்டால் அதற்கப்புறம் எனக்கு எந்த வளைகாப்பும் வேண்டாம். ஆனால் அவரிடம் போகாதே என்று சொன்னால் கட்டாயம் போவார். கழுத்தில் தாலி ஏறிய நாளாகப் பார்க்கிறேன்.

நவம்பர் 15, வெள்ளி

பக்கிரிசாமி வந்தான். பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பாடம் நடத்தினான். நானும் கீரை ஆய்கிற சாக்கில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

"எறங்கறதுக்கு மின்னாடியே மொத கியரப் போட்டுருங்க சார். நடுவுல கிளச்ச மிதிக்காதீங்க, கியர மாத்தாதீங்க. வேகமும் வேணாம். ஆளு நடக்கற மாதிரி ஒரே சீரா போவணும். வேகமா போனீங்கன்னா தண்ணி பானெட்டு மேல ஏறிடும். அப்பிடியும் எஞ்சின் நின்னுட்டா, ஒண்ணே ஒண்ணு. சாவிய மட்டும் திருப்பாதீங்க."

"ஏன்?"

"காத்துன்னா பிஸ்டன் அமுக்கும். தண்ணிய அமுக்க முடியுமா? உள்ள இருக்கற ராடு வளைஞ்சி, எஞ்சின ஒடைச்சிக்கிட்டு வெளிய வந்துரும். அதுலயும் டீசல் எஞ்சின் அமுக்கற அமுக்குக்கு ஒரு டம்ளர் தண்ணி போதும்."

"அதுக்குத்தானே தும்பிக்கை வச்சிருக்கு?" என்றேன்.

"அது இருக்குது" என்று சொன்ன பக்கிரிசாமி என்னைப் பார்க்காமல் ஸ்பானரைப் பார்த்தான்.

"சரிப்பா, ஓடற தண்ணி வண்டியவே தள்ளிக்கிட்டுப் போனா?"

"அதுக்கு எங்கிட்ட ஸ்பேர் கெடையாதும்மா."

பக்கிரிசாமி கிளம்பிய பிறகும் அவர் பானெட்டை மூடாமல் நின்றுகொண்டிருந்தார். தும்பிக்கையின் வாயை அடைத்துவிட்டால் என்ன ஆகும் என்று நான் பக்கிரிசாமியிடம் வாசலில் சும்மா கேட்டு வைத்தேன். "மூக்கப் புடிச்சிக்கிட்டு மாடி ஏற முடியுமாம்மா? கருப்பாப் பொக தள்ளும், இழுக்காது, நின்னுரும்" என்றான். தெரிந்துகொள்வது நல்லதுதானே.

நவம்பர் 16, சனி

புளிக்காய்ச்சல் செய்து வைத்தேன். தேங்காய் துருவியாயிற்று. எலுமிச்சம்பழம் பிழிந்தாயிற்று.

சாயங்காலம் அவர் கோயிலுக்குப் போனபோது ஸ்டூல் போட்டு ஏறி ஜீப்பைத் துடைத்தேன். மேல் பாகத்தை. என்றைக்கும் துடைக்காதவள் இன்றைக்கு ஏன் துடைத்தாய் என்று கேட்கிற உரிமை இந்த டைரிக்குக் கிடையாது. துடைத்த பழைய பச்சைப் பாவாடைத் துணி எங்கே போயிற்று என்றும் கேட்கக் கூடாது.

நவம்பர் 17, ஞாயிறு

ராத்திரி உட்கார்ந்து எழுதுகிறேன். எல்லாம் ஞாபகம் இருக்கிறது, கைதான் வலிக்கிறது.

விடிவதற்கு முன்பே எழுந்து சாதம் கிளறினேன். அவரும் எழுந்துவிட்டார். வெளியே போய் ஜீப்பைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஜன்னல் வழியாகப் பார்க்கலாம் என்றால் சர்க்கரைப் பொங்கல் அடிப்பிடிக்கிறது. உள்ளே வந்தவர், "எல்லாம் சரியா இருக்கு" என்றார். அப்பாடா என்று இருந்தது.

சீர்த்தட்டுகளைப் பின்னால் அடுக்கினோம். பூ, பழம், வளையல் தட்டு என் மடியில். நல்ல நேரம் பதினொன்றுக்குள் முடிகிறது. சாவியைத் திருப்பினார். வண்டி இருமி இருமி ஒருவழியாகக் கிளம்பியது. கிளம்பியதே எனக்கு ஆச்சரியம், கொஞ்சம் திகிலும். வழியெல்லாம் பின்னால் கரும்புகை. மேட்டில் ஏற முக்கியது. சைக்கிளில் வந்த ஒருவர் எங்களைத் தாண்டிப் போய்விட்டார். "குளிருக்கு அப்படித்தான்" என்றார் இவர், நான் ஒன்றும் கேட்காமலே.

ஆற்றங்கரையில் திருவிழாக் கூட்டம். தண்ணீர் காப்பி நிறத்தில் சுழித்துக்கொண்டு போகிறது. பாலம் எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. அந்தக் கரையில் வெள்ளை வேட்டி ஒன்று கையை ஆட்டிக்கொண்டே இருந்தது. சம்பந்திதான். வா என்கிறாரா வேண்டாம் என்கிறாரா, இங்கிருந்து தெரியவில்லை.

அவர் வண்டியை நிறுத்தினார். முன் கண்ணாடியைப் பார்த்தபடியே, "தில்லை, நீ எறங்கிக்க. நான் அந்தப் பக்கம் போய்ட்டு போன் பண்றேன். நீ ஆட்டோவுல சுத்திக்கிட்டு வா" என்றார்.

"வளையல் தட்டு என் மடியில இருக்கு" என்றேன்.

"எறங்குடின்னா."

"மாட்டேன். போறதுன்னா ரெண்டு பேரும் போவோம்."

அப்போது என்னைப் பார்த்தார். நீச்சல் தெரியுமா என்று கேட்டபோது இருந்த அதே முகம். பச்சைத் துணி வேலை செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன். ஆனாலும் இறங்கவில்லை. முதல் கியரைப் போட்டார். முன் சக்கரம் தண்ணீரைத் தொட்டது. கணுக்கால் அளவு. காலடித் தகரத்தில் சலசலவென்று சத்தம். எனக்குத் தெரிந்த எல்லாச் சாமி பெயரையும் சொல்லி முடித்து, தெரியாத சாமிகளிடம் போகப் போனபோது வண்டி ஒரு கருப்பு மேகத்தைக் கக்கியது, உடம்பெல்லாம் உதறியது, நின்றது.

"ச்சே! நல்ல நாளும் அதுவுமா!" என்று கத்தினார். கரை முழுக்கக் கேட்கிற மாதிரி. ஸ்டியரிங்கை ஒரு குத்து குத்தினார். அவர் இவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. ஆனால் சாவியை மட்டும் ஒரு தரம்கூடத் திருப்பவில்லை. பக்கிரிசாமி சொன்னதை இவ்வளவு பக்தியாக அனுசரிப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

நாலு பேர் சேர்ந்து வண்டியைப் பின்னால் இழுத்து மேட்டில் விட்டார்கள். அதே நேரத்தில் கருப்புக் கண்ணாடி போட்ட ஒரு கான்ட்ராக்டர் புத்தம்புது ஜீப்பில் வந்தார். "ஓரம் போங்க சார்" என்று எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு வேகமாக இறக்கினார். பாதி வரை ஜோராகப் போனது. தண்ணீர் பானெட்டுக்கு மேல் ஏறியது. எஞ்சின் நின்றது. கான்ட்ராக்டர் சாவியைத் திருப்பினார் போலிருக்கிறது. டங் என்று ஒரு சத்தம், இரும்பு உடைகிற சத்தம், இந்தக் கரைக்கு நன்றாகக் கேட்டது. பிறகு வண்டி பின்பக்கமாக மெல்ல, ஆள் தள்ளுகிற மாதிரி, பாலத்தின் விளிம்புக்கு நகர ஆரம்பித்தது. கயிறு வீசினார்கள். மனுஷர் ஜன்னல் வழியாக வெளியே வந்து கயிற்றைப் பிடித்துக் கரை சேர்ந்தார். வண்டி பக்கவாட்டில் சாய்ந்து, தண்ணீருக்குள் போய்விட்டது. கொஞ்ச தூரம் வரை கூரை தெரிந்தது.

என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஊர் பார்க்க, நடு ரோட்டில். கண்ணாடி வளையல் தட்டு இரண்டு பேருக்கும் நடுவில் கிலுகிலுவென்று ஆடியது.

லோடு ஆட்டோ பிடித்துப் பெரிய பாலம் வழியாகப் போனோம். நல்ல நேரம் முடிந்துவிட்டது. தனகோட்டி வாசலிலேயே நின்றார். கேலி செய்யப் போகிறார் என்று நான் ஒரு பதில் தயாராக வைத்திருந்தேன். மனுஷர் ஓடி வந்து இவரைக் கட்டிக்கொண்டு, "வராதீங்க வராதீங்கன்னு கைய ஆட்டுறேன், நீங்க எறங்குறீங்க. என் வாய் சும்மா இருந்துச்சா சம்மந்தி? ராத்திரி பூரா தூக்கமில்ல. வண்டி நின்னுச்சே, அந்த எஞ்சின் சாமிக்கு ஒரு தேங்கா ஒடைக்கணும்" என்றார். கண்ணில் தண்ணீர். ஐயர் பஞ்சாங்கத்தைப் புரட்டி மத்தியானம் இன்னொரு நல்ல நேரம் கண்டுபிடித்தார். என் மகள் இரண்டு கையும் நிறைய வளையல் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து வயிறு நிறைந்தது. புளிசாதத்தில் உப்பு ஒரு கல் குறைவு. யாரும் சொல்லவில்லை.

நவம்பர் 18, திங்கள்

மழை விட்டு வெயில். டிராக்டர் கட்டி ஜீப்பை வீட்டுக்கு இழுத்து வந்தார்கள், கூடவே பக்கிரிசாமியும். பானெட்டைத் திறந்து குனிந்தவன் கொஞ்ச நேரம் நிமிரவே இல்லை.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. கொழாய் வந்து எஞ்சினோட சேர்ற எடத்துல புடிச்சி இறுக்கற கிளாம்ப் கழண்டுருக்கு. அந்த சைஸ் கெடைக்காம மோட்டார் பம்புக் கிளாம்ப்தான் போட்டிருந்தேன். இந்த இடுக்கு வழியாக் காத்த இழுத்துத்தான் வண்டி ஆறு வரைக்கும் வந்திருக்கு. எறங்கியிருந்தீங்கன்னா இதே இடுக்கு வழியாத் தண்ணிய இழுத்திருக்கும். நடு ஆத்துல..." தலையைச் சொறிந்தான்.

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். தும்பிக்கையை நம்பி இறங்குவதாக இருந்ததே.

"ஆனா ஒண்ணு புரியல. மேல இருந்து ஏன் காத்தே வர்ல?" என்று பக்கிரிசாமி ஸ்டூலைத் தேடினான்.

"மொதல்ல காப்பி குடிப்பா" என்றேன் நான். "அதெல்லாம் நான் பாத்துக்கறேன், நீ போய் நல்ல கிளாம்ப்பா வாங்கிட்டு வா" என்றார் அவர். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். பக்கிரிசாமி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் காப்பிகூடக் குடிக்காமல் போனான். அவர் ஜீப்பை ஒரு பார்வை பார்த்தார், என்னைப் பார்த்தார், குளிக்கப் போகிறேன் என்று உள்ளே போனார்.

தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டதும் ஸ்டூல் போட்டு ஏறினேன். விரலை விட்டு இழுத்தேன். பச்சைத் துணி வரவில்லை. பளபளவென்று ஜரிகை வந்தது. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. ஆபீசில் அவர் ஓய்வு பெற்ற அன்று போர்த்தி அனுப்பினார்களே, அந்தப் பொன்னாடை. நன்றாகச் சுருட்டி, இடைவெளி இல்லாமல், ஒரு குமாஸ்தா செய்கிற வேலையாக அடைத்திருந்தது. அதற்கு அடியில், நான் வைத்த இடத்திலேயே, என் பாவாடைத் துணி.

ஸ்டூல் மேல் நின்றுகொண்டே சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தபோது அழுகை வந்தது. விடியற்காலையில் சுற்றிச் சுற்றி வந்தாரே, என் துணியைப் பார்த்திருக்கிறார். எடுக்கவில்லை. போதாது என்று தன்னுடையதையும் வைத்திருக்கிறார். அத்தனையும் தெரிந்துகொண்டுதான் என்னை இறங்கு என்றார். அத்தனையும் தெரிந்துகொண்டுதான் நான் இறங்க மாட்டேன் என்றபோது அப்படிப் பார்த்தார். பாவி மனுஷா.

இரண்டிலும் ஒரே அழுக்கு. சோப்புப் போட்டு அலசி, வாசல் கொடியில் பக்கத்தில் பக்கத்தில் காயப் போட்டேன். யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும்.

அவர் தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தார். கொடியைப் பார்த்து நின்றார். நான் காப்பியை நீட்டினேன். வாங்கி, ஆற்றி, மெதுவாகக் குடித்து முடித்தார். டம்ளரை என் கையில் கொடுத்தபோதுதான் வானத்தை அண்ணாந்து பார்த்தார். ஒரு மேகம் கிடையாது.

"மழ வர்ற மாதிரி இருக்கு தில்லை" என்றார். "ரெண்டையும் எடுத்து உள்ள போடு."